ஹோம்கமிங் வாரம்: செப்டம்பர் வந்தால் அமெரிக்கப் பள்ளிகளில் ஏன் இத்தனை அமர்க்களம்?

அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பில் காலடி வைத்த பிள்ளை வீட்டில் இருந்தால், செப்டம்பர் நடுவில் பள்ளியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். திங்கள் பைஜாமா, செவ்வாய் ட்வின் டே, புதன் பழைய காலத்து உடை, வியாழன் வகுப்புக்குரிய நிறம், வெள்ளி பள்ளியின் நிறம், அன்று இரவு ஃபுட்பால், மறுநாள் இரவு டான்ஸ், டிக்கெட் இவ்வளவு. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி, "ராத்திரி போட்டுத் தூங்குற உடுப்போடயா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாங்க?" என்று கேட்பார். ரிப்பன் நிறம் மாறியதற்கே பிரேயரில் தனியாக நிறுத்திவைக்கப்பட்ட தலைமுறைக்கு இது விளங்காததில் வியப்பில்லை. அந்தப் பாட்டிக்கும், பணம் கட்டப்போகும் அப்பா அம்மாவுக்கும்தான் இந்த விளக்கம்.

ஹோம்கமிங் என்பது, பழைய மாணவர்களை மறுபடி வரவேற்கிறோம் என்ற பெயரில் இலையுதிர் காலத்தில் பள்ளி எடுக்கும் விழா. பெரும்பாலும் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். சொந்த மைதானத்தில் வெள்ளி இரவு நடக்கும் ஃபுட்பால் ஆட்டம்தான் அதன் நடுநாயகம். ஆட்டத்துக்கு முந்தைய ஐந்து பள்ளி நாட்கள் ஸ்பிரிட் வீக். ஆட்டம் முடிந்த மறுநாள் டான்ஸ். ஊர் அம்மன் கோயில் கொடையை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். நாளுக்கொரு அலங்காரம், கடைசியில் பெரிய நாள், வெளியூரில் பிழைக்கப் போனவர்கள் அந்த வாரம் எப்படியாவது லீவு போட்டு வந்து சேர்வது, எல்லாம் இங்கேயும் உண்டு.

மீதிப் பாதி புரிய, அமெரிக்க உயர்நிலைப் பள்ளி எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். இங்கே உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வருடம். ஒன்பதாவது படிப்பவர் ஃப்ரெஷ்மன், பத்தாவது சோஃபமோர், பதினொன்று ஜூனியர், பன்னிரண்டு சீனியர். நம் ஊரில் ‘பத்தாவது பி செக்ஷன்’ என்று ஒன்று இருக்கும். காலை முதல் மாலை வரை அதே நாற்பது ஐம்பது பேர், அதே பெஞ்ச், ஆசிரியர்தான் மாறி மாறி வருவார். இங்கே ஆசிரியர் தம் அறையிலேயே இருப்பார், மாணவர்கள்தான் மணி அடித்ததும் ஓட வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு கால அட்டவணை. கணக்கு வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவரை மறுபடி பார்ப்பது மறுநாள் கணக்கு வகுப்பில்தான். புறநகர்ப் பள்ளிகளில் இரண்டாயிரம், மூவாயிரம் மாணவர்கள் சாதாரணம். ஒன்பதாவதுக்கு மூன்று நான்கு நடுநிலைப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்து கொட்டுகிறார்கள். செக்ஷன் இல்லை, பெஞ்ச் இல்லை, ஒட்டுறவு தானாக வர வழியில்லை.

அதனால் பள்ளி வேறு கயிறு கொண்டு கட்டுகிறது. முடித்து வெளியேறும் வருடம்தான் அந்தக் கயிறு. 2025 இலையுதிர் காலத்தில் ஒன்பதாவது சேர்ந்தவர்கள் எல்லாரும் ‘கிளாஸ் ஆஃப் 2029’. அவர்களுக்கென்று ஒரு நிறம், ஒரு டி-ஷர்ட், ஒரு கோஷம். அந்த அடையாளம் காகிதத்திலிருந்து இறங்கி உடம்பில் ஏறுவது ஸ்பிரிட் வீக்கில்தான். பள்ளி திறந்து ஐந்தாறு வாரம் கழித்து அதை வைப்பதும் கணக்குப் போட்டுத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தொடங்கியது கல்லூரிகளில்

உயர்நிலைப் பள்ளிகள் இந்த வழக்கத்தைக் கல்லூரிகளிடமிருந்து எடுத்துக்கொண்டன. முதலில் தொடங்கியது யார் என்பதில் நூறு வருடமாகச் சண்டை. டெக்சாஸின் வேகோ நகரில் உள்ள பேலர் பல்கலைக்கழகம் 1909-ல் பழைய மாணவர்களைக் கடிதம் போட்டு அழைத்து விழா நடத்தியது. இல்லினாய் பல்கலைக்கழகம் 1910-ல் சிகாகோ அணியுடன் நடந்த ஆட்டத்தை ஒட்டி நடத்தியது. ஆனால் பெயரைத் தட்டிக்கொண்டு போனது மிசூரி பல்கலைக்கழகம். அங்கே செஸ்டர் புரூவர் என்பவர் விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்தார். மிசூரியும் கன்சாஸ் பல்கலைக்கழகமும் பரம வைரிகள். அவர்களுடைய ஆட்டம் அதுவரை இரண்டுக்கும் பொதுவாகக் கன்சாஸ் சிட்டியில் நடந்துவந்தது. இனி கல்லூரி வளாகத்தில்தான் ஆட வேண்டும் என்று விதி மாறியதும், தங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் சின்ன ஊரான கொலம்பியாவுக்குக் கூட்டத்தை எப்படி இழுப்பது என்ற கவலை அவருக்கு. பழைய மாணவர்களே, வீட்டுக்கு வாருங்கள் என்று அழைப்பு விடுத்தார். 1911 நவம்பரில் கூட்டம் திரண்டு வந்தது. ஆட்டம் 3-3 என்று யாருக்கும் வெற்றியில்லாமல் முடிந்தது.

டிக்கெட் விற்கச் செய்த உத்திதான் பிறகு மரபாகிவிட்டது. ஊர்வலம், தீமூட்டல், ராணி முடிசூட்டல் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. கல்லூரியில் அனுபவித்தவர்கள் ஆசிரியர்களாகவும் பெற்றோராகவும் தங்கள் ஊர்ப் பள்ளிக்கு அதைக் கொண்டுவந்தார்கள்.

வெள்ளிக்கிழமை இரவு

ஃபுட்பால் என்றால் இங்கே காலால் உதைக்கும் பந்து இல்லை, கையில் பிடித்துக்கொண்டு ஓடி முட்டி மோதும் ஆட்டம். நூறு கஜ மைதானம். நான்கு முயற்சிக்குள் பத்து கஜமாவது முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. பெரும்பாலான பள்ளி ஆட்டங்கள் பன்னிரண்டு நிமிடக் கால்பகுதிகள் நான்கு. கடிகாரத்தை அடிக்கடி நிறுத்துவதால் எல்லாம் முடிய இரண்டரை மணி நேரம் பிடிக்கும். இதற்குமேல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருப்பவர் எழுந்து கத்தினால் நாமும் எழுந்துகொள்ளலாம்.

வெள்ளி பள்ளிக்கு, சனி கல்லூரிக்கு, ஞாயிறு தொழில்முறை அணிகளுக்கு என்று நாள் பிரித்திருப்பது வெறும் பழக்கம் மட்டும் இல்லை, பின்னால் சட்டமே இருக்கிறது. தேசிய ஃபுட்பால் லீக்கின் அணிகள் ஒன்றுசேர்ந்து தொலைக்காட்சி உரிமையை விற்க 1960-களில் அமெரிக்க அரசு வியாபாரப் போட்டிச் சட்டத்திலிருந்து ஒரு விலக்குச் சலுகை கொடுத்தது. பதிலுக்கு ஒரு நிபந்தனை. செப்டம்பர் இரண்டாம் வெள்ளி முதல் டிசம்பர் இரண்டாம் சனி வரை, வெள்ளி மாலையிலும் சனிக்கிழமையிலும், பள்ளி அல்லது கல்லூரி ஆட்டம் நடக்கும் இடத்திலிருந்து 75 மைல் சுற்றளவுக்குள் தெரியும்படி தங்கள் ஆட்டத்தை ஒளிபரப்பினால் அந்தச் சலுகை போய்விடும். 2024-ல் பிரேசிலில் லீக் ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டம் வைத்தபோது தேதி செப்டம்பர் 6. அதாவது இரண்டாம் வெள்ளிக்கு ஒரு வாரம் முன்பே முடித்துக்கொண்டார்கள். கோடிக்கணக்கில் புரளும் ஒரு வியாபாரம் ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

டெக்சாஸில் இது இன்னும் ஒரு படி மேலே. தமிழ்க் குடும்பங்கள் நிறைய வசிக்கும் டாலஸ் புறநகர்களில் ஒன்றான ஆலனில், ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளிக்காகச் சுமார் 6 கோடி டாலரில் 18,000 பேர் உட்காரும் மைதானம் 2012-ல் திறந்தார்கள். ஊர்மக்கள் வாக்களித்து ஒப்புதல் கொடுத்த கடன்பத்திரப் பணம். இரண்டே வருடத்தில் கான்கிரீட்டில் விரிசல் விட்டு, மூடிப் பழுதுபார்த்துத் திறந்தது தனிக் கதை. சொத்து வரி கட்டுகிறவர்கள் அத்தனை பேரும் அந்த மைதானத்தில் பங்குதாரர்கள்தான். பிள்ளை படிக்காவிட்டாலும் ஆட்டம் பார்க்க வருவார்கள்.

ஹோம்கமிங் ஆட்டத்துக்கு எந்த அணியை எதிராளியாக அழைப்பது என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. கொஞ்சம் நோஞ்சான் அணியாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். பழைய மாணவர்கள் முன்னால் தோற்க யாருக்குத்தான் மனசு வரும்! ஃபுட்பால் அணியே இல்லாத பள்ளிகள் சாக்கர் ஆட்டத்தையோ, குளிர்காலத்தில் கூடைப்பந்தையோ வைத்து ஹோம்கமிங் நடத்துகின்றன.

ஐந்து நாள் வேஷம்

எந்த நாளுக்கு என்ன வேஷம் என்று முடிவு செய்வது தலைமையாசிரியர் இல்லை, மாணவர் பேரவை. அறிவிப்பு இரண்டு வாரம் முன்பே வந்துவிடும், ஆனால் உங்கள் பிள்ளை உங்களிடம் சொல்வது முந்தைய இரவு ஒன்பதரை மணிக்குத்தான்.

பைஜாமா நாள் எல்லாருக்கும் பிடித்தது. செலவில்லை, காலையில் உடை மாற்ற வேண்டிய வேலையும் இல்லை. டெக்கேட்ஸ் டே அன்று வகுப்புக்கு ஒரு பத்தாண்டு என்று பிரித்துக் கொடுப்பார்கள். 70-கள் என்றால் பெல்பாட்டம், 80-கள் என்றால் பளிச்சென்ற நிறமும் புஸ்ஸென்ற தலையும். இப்போது 2000-த்தையும் அந்தக் காலம் என்று சேர்த்துவிட்டார்கள். நாம் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் போட்ட ஜீன்ஸைப் பீரோவிலிருந்து எடுத்து, "அம்மா, இது செம்ம ஓல்டு லுக்!" என்று பிள்ளை பாராட்டும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது உத்தமம். சீனியர்கள் சிலர் வெள்ளைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு ரோமானியர்களாக வருவார்கள். கிழவன் கிழவியாக வேஷம் போடும் நாளும் சில பள்ளிகளில் உண்டு. ஊன்றுகோல், பவுடர் போட்ட தலை, முழங்கால் வலி நடிப்பு.

சில வருடங்களாகச் சூடுபிடித்திருப்பது ‘எனிதிங் பட் எ பேக்பேக்’ நாள். முதுகுப் பையைத் தவிர எதில் வேண்டுமானாலும் புத்தகம் கொண்டுவரலாம். துணிக்கூடை, சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி, குழந்தை ஸ்ட்ரோலர், கிட்டார் பெட்டி, கம்பியைச் சுருட்டிக் கட்டிய பழைய மைக்ரோவேவ் அவன் என்று கொண்டுவருகிறார்கள். வராந்தாவில் போக்குவரத்து நெரிசல் தாங்காமல் சில பள்ளிகள் இதைத் தடை செய்துவிட்டன. தடை இல்லாத பள்ளி என்றால் நம் வீட்டில் விடை தயாராக இருக்கிறது. பரணில் கிடக்கும் வயர் கூடையை இறக்கிக் கொடுங்கள். லேப்டாப், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் மூன்றும் அம்சமாக உட்காரும், நாலு பேர் எங்கே வாங்கினாய் என்றும் கேட்பார்கள்.

ட்வின் டே பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இரண்டு பேர், அல்லது நாலைந்து பேர், ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு வர வேண்டும். பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் புதிதாக ஊர் மாறி வந்த பிள்ளைக்கு, இன்னும் கூட்டு சேராத பிள்ளைக்கு, இந்த ஒரு நாள்தான் வாரத்திலேயே கஷ்டமான நாள். யாரும் கூப்பிடவில்லை என்பது சட்டையிலேயே எழுதி ஒட்டியதுபோல் தெரியும். "நான் அன்னிக்கு லீவு போடறேன்மா" என்று பிள்ளை சொன்னால் பரீட்சை பயம் என்று நினைக்காமல் அன்றைய கிழமை என்ன வேஷம் என்று பாருங்கள். வெள்ளை டி-ஷர்ட்டும் நீல ஜீன்ஸும் போட்டுப் போனால் அதே உடுப்பில் பள்ளியில் இன்னும் இருபது பேராவது இருப்பார்கள், யாரோடும் ஜோடி சேர்ந்துகொள்ளலாம் என்பது அனுபவசாலி அம்மாக்கள் சொல்லும் உபாயம்.

வேஷத்தில் தகராறும் வருவதுண்டு. அமெரிக்கப் பூர்வகுடிகளின் இறகுக் கிரீடம், மெக்சிகோ மக்களின் தொப்பி, ஏன், பொட்டும் சேலையும்கூட ஒரு காலத்தில் சிரிப்பு வேஷமாகப் போடப்பட்டன. அடுத்தவர் தினமும் மரியாதையோடு உடுத்துவதை வேஷமாக்க வேண்டாம் என்று பல பள்ளிகள் இப்போது முன்கூட்டியே எழுதி அனுப்புகின்றன. ‘கன்ட்ரி’ ஒரு பக்கம், ‘கன்ட்ரி கிளப்’ ஒரு பக்கம் என்று பட்டிக்காட்டானும் பணக்காரனுமாக வேஷம் கட்டுகிற நாளுக்கும் எதிர்ப்பு இருக்கிறது. ஏழையைக் கிண்டல் செய்வதுபோல் இருக்கிறது என்கிறார்கள். எனக்கும் அது பிடிப்பதில்லை.

பெப் ராலி

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைகளைச் சுருக்கிவிட்டு, ஆட்டத்துக்கு உற்சாகம் ஏற்ற மொத்தப் பள்ளியும் ஜிம்மில் கூடும். பலகைப் படிக்கட்டுகளில் நான்கு வகுப்பும் நான்கு பக்கம். டிரம்லைன் என்ற மேளக் குழு அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்ததும் காது கிழியும். எந்த வகுப்பு அதிகமாகக் கத்துகிறது என்று போட்டி வைத்து, ஜெயித்தவர்களிடம் நிறம் பூசிய ஒரு கோலைக் கொடுப்பார்கள். அதற்கு ஸ்பிரிட் ஸ்டிக் என்று பெயர். எப்போதும் சீனியர்களே ஜெயிப்பார்கள், எப்படி என்று யாரும் கேட்பதில்லை. கயிறு இழுக்கும் போட்டி, ஆசிரியர் முகத்தில் க்ரீம் அப்புவது, சியர்லீடர்கள் அடுக்கு அடுக்காக ஏறி நிற்பது என்று ஒரு மணி நேரம் போவதே தெரியாது. சத்தம் தாங்காத பிள்ளைகள் நூலகத்தில் இருந்துகொள்ளப் பல பள்ளிகளில் அனுமதி உண்டு. ஆசிரியரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

சியர்லீடிங் பெண்கள் கலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1898-ல் மினசோட்டா பல்கலைக்கழக ஆட்டத்தில் ஜானி கேம்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன்னால் நின்று கோஷத்தை வழிநடத்தியதில் அது தொடங்கியது. முதல் இருபத்தைந்து வருடம் ஆண்களே செய்தார்கள். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதிகளான ஐசன்ஹோவரும் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷும் படிக்கும் காலத்தில் சியர்லீடர்கள்தான்.

அதே வாரத்தில் பவுடர்பஃப் என்று ஓர் ஆட்டம் வைப்பார்கள். ஜூனியர் பெண்களும் சீனியர் பெண்களும் ஃபுட்பால் ஆட, பையன்கள் பாவாடை கட்டிக்கொண்டு சியர்லீடர்களாக ஆடுவார்கள். கீழே தள்ளக் கூடாது, இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவினால் போதும். விளையாட்டுக்காக ஆடிய அந்த ஃப்ளாக் ஃபுட்பால் இப்போது கலிஃபோர்னியா உள்படப் பல மாநிலங்களில் பெண்களுக்கான முறையான பள்ளி விளையாட்டாகிவிட்டது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் இருக்கிறது.

டெக்சாஸ் சாமந்தி

டெக்சாஸுக்குக் குடிவந்தவர்கள் முதல் வருடம் திகைத்துப்போவது மம் என்ற ஒன்றைப் பார்த்துத்தான். மம் என்றால் சாமந்திப்பூ, அதன் ஆங்கிலப் பெயரின் கடைசித் துண்டு. 1930-களில் பையன் தன்னோடு ஆட்டத்துக்கு வரும் பெண்ணுக்கு ஒரு வெள்ளைச் சாமந்தியில் நாலு ரிப்பன் கட்டிக் கொடுப்பான், அவள் அதை நெஞ்சில் குத்திக்கொள்வாள். அவ்வளவுதான் இருந்தது. பிறகு நிஜப்பூ போய்த் துணிப்பூ வந்தது. துணிப்பூ வாடாது, கனமும் தாங்கும். அப்புறம் எல்லை இல்லாமல் போய்விட்டது.

இப்போதைய மம்மைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நடுவில் தட்டு அகலத்துக்கு ஒன்றோ இரண்டோ மூன்றோ துணிச் சாமந்தி. பூ நடுவில் பொம்மைக் கரடி. அட்டை வைத்த முதுகுப்பக்கத்திலிருந்து கணுக்கால் வரை ரிப்பன்கள் அருவியாக இறங்கும். சில ரிப்பன்கள் சடைபோலப் பின்னியவை. ஒரு ரிப்பனில் அவள் பெயர், இன்னொன்றில் அவன் பெயர், மினுமினு எழுத்தில். இடையிடையே குட்டி ஃபுட்பால், மாட்டு மணி, இறகுச் சரம், போதாக்குறைக்கு மினுக்கும் சீரியல் விளக்கு. நெஞ்சில் குத்தினால் சட்டை கிழிந்துவிடும் என்பதால் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை வகுப்பு மாறும் நேரத்தில் வராந்தா முழுக்கக் கலகலவென்று மணி ஓசை கேட்கும். பையன்களுக்கு அதே சமாச்சாரம் சின்ன அளவில், புஜத்தில் கட்ட. அதற்குக் கார்ட்டர் என்று பெயர். நிறம், சீனியர்களுக்கு வெள்ளையும் வெள்ளியும், மற்ற வகுப்புகளுக்குப் பள்ளி நிறம்.

விலை நூறு டாலருக்குக் கீழேயும் கிடைக்கும், பல நூறு டாலருக்கும் போகும். கடையில் ஆர்டர் கொடுப்பதைவிட நாலு அம்மாக்கள் கைவினைப் பொருள் கடையில் ரிப்பன் சுருள் வாங்கிவந்து, சூட்டுப் பசைத் துப்பாக்கியோடு சமையலறை மேஜையில் உட்கார்ந்து செய்வது மலிவு, பொழுதும் போகும். பூத்தொடுத்துப் பழகிய கைக்கு ரிப்பன் பின்னல் பத்து நிமிடத்தில் வசப்படும்.

ராஜா, ராணி

ஆட்டத்தின் பாதி இடைவேளையில் முடிசூட்டு விழா. ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் மாணவர்களே முன்மொழிந்து வாக்களித்துச் சிலரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தக் குழுவுக்கு ஹோம்கமிங் கோர்ட் என்று பெயர். சீனியர்களில் அதிக வாக்கு வாங்கியவர்கள் ராஜா, ராணி. தோளில் பட்டை, தலையில் கிரீடம், போன வருட ராணி வந்து சூட்டிவிடுவாள். ஆணும் பெண்ணும் என்று பிரிக்காமல் பொதுவாக ‘ராயல்டி’ என்று இருவரைத் தேர்ந்தெடுக்கும் பள்ளிகளும் பெருகியிருக்கின்றன. யார் பிரபலம் என்று பார்க்கும் போட்டிதானே என்ற குறை பழையது, உண்மையும்கூட. ஆனால் சில வருடம் பிள்ளைகளே அதைத் தலைகீழாக்கிவிடுவார்கள். சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கும் ஒருவருக்கு மொத்தப் பள்ளியும் வாக்களித்து முடிசூட்டிய செய்தி ஏதாவது ஓர் ஊரிலிருந்து அடிக்கடி வரும்.

பல பள்ளிகளில் பெற்றோர்தான் பிள்ளையின் கைபிடித்து மைதானத்துக்குள் அழைத்துவர வேண்டும். சேலைதான் கட்டுவேன் என்றால் தாராளமாகக் கட்டலாம். புல்தரையில் கூர்முனைச் செருப்பு மட்டும் வேண்டாம்.

சனிக்கிழமை டான்ஸ்

பிள்ளைகள் இதை ஹோகோ என்பார்கள். வசந்த காலத்தில் வரும் ப்ராம் வேறு, இது வேறு. ப்ராம் பெரும்பாலும் ஜூனியர், சீனியர்களுக்கு மட்டும், நீளக் கவுன், வாடகை சூட், பெரிய செலவு. ஹோகோ நான்கு வகுப்புக்கும் பொது, பெரும்பாலும் பள்ளி ஜிம்மிலோ கேஃபடீரியாவிலோ நடக்கும், முழங்கால் அளவு டிரஸ்ஸும் டை கட்டிய சட்டையும் போதும்.

ஜோடியாகப் போக விரும்புகிறவர்கள் அட்டையில் எழுதிக் கேட்பது இப்போதைய மோஸ்தர். சிலேடை இல்லாமல் இருக்கக் கூடாது. டோனட் பெட்டியை நீட்டி, ‘டோன்ட் சே நோ’ என்பதை ‘டோனட் சே நோ’ என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு பையன் நிற்பான். நண்பர்கள் நாலு பேர் ஃபோனில் படம் எடுப்பார்கள். இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் வயிற்றில் புளி கரையும். பெரும்பாலும் அது அந்த ஒரு மாலைக்கான ஏற்பாடு, அதற்குமேல் அர்த்தம் தேட வேண்டியதில்லை. ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகள் பலர் எட்டுப் பத்துப் பேர் கூட்டமாகத்தான் போகிறார்கள்.

அன்று ஐந்து மணிக்கு யார் வீட்டுப் பின்புறத்திலாவது, அல்லது பூங்காவில், பெற்றோர் கூடிப் படம் எடுப்பார்கள். பெண்ணின் மணிக்கட்டில் பூக்கொத்து, பையனின் சட்டையில் ஒற்றைப்பூ, இரண்டும் உடை நிறத்துக்குப் பொருத்தமாக. அப்புறம் சேர்ந்து சாப்பாடு, எட்டு மணிக்கு டான்ஸ். உள்ளே நடப்பது என்ன என்று கேட்டால், இருட்டில் வட்டமாக நின்று குதிப்பதுதான். வாசலில் ஆசிரியர்கள், உள்ளே ஆசிரியர்கள், காவலர் ஒருவர். மது வாசனை வந்தால் வீட்டுக்கு ஃபோன்.

"யார் அந்தப் பையன்?" என்பதைவிட "யார் காரு ஓட்டப்போறது?" என்று கேட்பது பயனுள்ள கேள்வி. பெரும்பாலான மாநிலங்களில் பதினாறு வயதில் உரிமம் கிடைத்துவிடும். ஆனால் புது உரிமக்காரர் இரவில் எத்தனை மணி வரை ஓட்டலாம், வீட்டார் அல்லாத இளவயதினர் எத்தனை பேரை ஏற்றலாம் என்பதற்கு அநேகமாக எல்லா மாநிலங்களிலும் கட்டுப்பாடு இருக்கிறது. ஐந்து பேரைத் திணித்துக்கொண்டு நள்ளிரவில் வருவது பல இடங்களில் சட்டப்படியே தப்பு. நாமே கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவதுதான் நிம்மதி.

நம் வீடுகளில்

ஃபுட்பால் அணியில் தமிழ்ப் பிள்ளைகள் குறைவு, நடந்துகொண்டே வாசிக்கும் மார்ச்சிங் பேண்டில் ஏராளம். கிளாரினெட்டோ புல்லாங்குழலோ வாசிக்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் ஹோம்கமிங் ஏற்கெனவே உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆகஸ்ட் வெயிலில் கார் நிறுத்துமிடத்தில் கோடு போட்டு நடந்து பழகியதெல்லாம் ஆட்டத்தின் பாதி இடைவேளையில் மைதானத்தில் வாசிக்கத்தான். அப்போது பெற்றோருக்கும் வேலை வரும். நாச்சோவும் ஹாட் டாகும் விற்கும் ஸ்டாலில் நிற்க, தண்ணீர் பாட்டில் தூக்க ஆள் கேட்பார்கள். ஒருமுறை போய் நின்றால் பத்துக் குடும்பம் பழக்கமாகிவிடும்.

சில வருடம் நவராத்திரியோ தீபாவளியோ இதே வாரத்தில் வந்து மோதும். சனிக்கிழமை நாலு வீட்டுக் கொலு அழைப்பும் இருக்கும், ஹோகோவும் இருக்கும். பிள்ளையிடம் முதல் மாதமே தேதி கேட்டு நாட்காட்டியில் குறித்துவிட்டால் கொலு அழைப்பை ஞாயிறுக்கு மாற்றிக்கொள்ளலாம். போகவே பிடிக்காத பிள்ளையைத் தள்ளிவிட வேண்டாம். போகாமல் வீட்டில் நாலு பேராக பீட்சா சாப்பிடுகிற கோஷ்டியும் எல்லாப் பள்ளியிலும் உண்டு.

கடைசியாகச் சில நடைமுறைகள். டிக்கெட் பல பள்ளிகளில் 20 முதல் 50 டாலருக்குள் இருக்கும், நாள் நெருங்க நெருங்க ஏறும், வாசலில் விற்கமாட்டார்கள். நூலகப் புத்தகப் பாக்கி, அபராதம் ஏதாவது இருந்தால் டிக்கெட் தரமாட்டார்கள், அதனால் அதை முதலில் தீர்த்துவிடுங்கள். வேறு பள்ளி நண்பரை அழைத்துவர விருந்தினர் படிவம் உண்டு, அந்தப் பள்ளி நிர்வாகியின் கையெழுத்தும் வேண்டும் என்பதால் ஒரு வாரம் முன்பே கொடுக்க வேண்டும். மாணவர் அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், ஒருமுறை வெளியே வந்தால் மறுபடி நுழைய முடியாது. கூட்டிவரப் போகிறவர்கள் டான்ஸ் முடிவதற்குக் கால் மணி நேரம் முன்பே போய் வரிசையில் நில்லுங்கள். காரில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு போட்டுவையுங்கள், பெண்பிள்ளைகள் பாதிப் பேர் ஹீல்ஸைக் கையில் தூக்கிக்கொண்டுதான் வெளியே வருவார்கள்.